ஒரே டிவியில் நாலு பிள்ளைகள் கார் ரேஸ் ஆட, பேடுகளை எப்படிச் செட் பண்ணுவது?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். விண்டோஸ் லேப்டாப் ஒன்று, 32 இஞ்ச் டிவி, பழைய யுஎஸ்பி கேம்பேட் ஒன்று, பிஎஸ்4 (ப்ளேஸ்டேஷன் 4) பேடு ஒன்று இருக்கிறது. முழுப்பரீட்சை லீவுக்கு அம்பாசமுத்திரத்தில் இருந்து தம்பி பிள்ளைகள் வருகிறார்கள். நாலு பேரும் ஒரே திரையில் ரேஸ் ஆட வேண்டும். பிஎஸ்4 பேடை அமுக்கினால் ரெண்டு காரும் சேர்ந்து ஓடுகிறது. யுஎஸ்பி பேடை கேம் கண்டுகொள்ளவே இல்லை. என்ன செய்ய?

பதில்:

அண்ணாச்சி, இந்த ரெண்டு தொல்லையும் கேமுக்கு வெளியே இருக்கிறது. கேமின் செட்டிங்ஸில் எவ்வளவு துழாவினாலும் தீராது. பேடுகளை விண்டோஸ் எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் சரி செய்யுங்கள். கேமை அதற்கு அப்புறம்தான் திறக்க வேண்டும்.

விண்டோஸில் பேடு பேசும் பாஷை ரெண்டு: பழையது டைரக்ட்இன்புட், புதியது எக்ஸ்இன்புட். எக்ஸ்பாக்ஸ் 360 கேம் மெஷின் காலத்துக்குப் பிறகு வந்த ரேஸிங் கேம்களில் பெரும்பாலானவை எக்ஸ்இன்புட்டை மட்டும்தான் கவனிக்கும். உங்கள் பழைய யுஎஸ்பி பேடு டைரக்ட்இன்புட்டில் பேசுகிறது, அதனால்தான் கேம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேடு கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எது எப்படி என்று பார்க்க, விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்று தட்டுங்கள். மாட்டியிருக்கும் பேடுகளின் பட்டியல் வரும். பெயரில் எக்ஸ்பாக்ஸ் 360 என்று இருந்தால் எக்ஸ்இன்புட். ஜெனரிக் யுஎஸ்பி ஜாய்ஸ்டிக், ட்வின் யுஎஸ்பி என்றெல்லாம் இருந்தால் டைரக்ட்இன்புட். வெறும் வயர்லெஸ் கண்ட்ரோலர் என்று இருப்பது பிஎஸ்4 பேடு. ப்ராப்பர்ட்டீஸ் திறந்து ஒவ்வொரு பட்டனாக அமுக்கினால் எந்த பட்டன் செத்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். எக்ஸ்பாக்ஸ் வகைப் பேடில் ரெண்டு ட்ரிக்கரையும் சேர்த்து அமுக்கினால், இங்கே கோடு நடுவிலேயே நிற்கும். அது கோளாறு இல்லை. பழைய முறை ரெண்டு ட்ரிக்கரையும் ஒரே அச்சில் சேர்த்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். எக்ஸ்இன்புட் கேமுக்குள் அவை தனித்தனியாகவே வேலை செய்யும்.

பழைய பேடை எக்ஸ்இன்புட்டுக்கு மாற்ற முதலில் பேடிலேயே வழி இருக்கிறதா என்று பாருங்கள். லாஜிடெக் எஃப்310 பேடின் அடியில் எக்ஸ், டி என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல பேடுகளில் நடு பட்டனை ஐந்தாறு வினாடி அமுக்கிப் பிடித்தால் மோடு மாறும், விளக்கு எரியும் வரிசையும் மாறும். ரெண்டும் இல்லையென்றால், கம்ப்யூட்டர் கேம் வாங்கவும் திறக்கவும் உதவும் ஸ்டீம் மென்பொருளை நம்புங்கள். ஸ்டீம் செட்டிங்ஸில் கண்ட்ரோலர் பக்கத்தில் ஜெனரிக் கண்ட்ரோலர்களுக்கான ஸ்டீம் இன்புட்டை ஆன் செய்தால், கேமுக்கு அந்தப் பேடு எக்ஸ்பாக்ஸ் பேடாகத் தெரியும். ஸ்டீமில் வாங்காத கேமையும் நான்ஸ்டீம் கேம் என்று சேர்த்து அதன் வழியாகத் திறக்கலாம். ஸ்டீமே வேண்டாம் என்றால் எக்ஸ்360சிஇ என்ற இலவச மென்பொருள் இதே வேலையைச் செய்யும்.

இனி பிஎஸ்4 பேடு. ஒரு பேடுக்கு ரெண்டு கார் ஓடுகிறது என்றால் அந்த ஒரே பேடு கேமுக்கு ரெண்டு பேடாகத் தெரிகிறது என்று அர்த்தம். டிஎஸ்4விண்டோஸ் என்ற மென்பொருளைப் போட்டிருப்பீர்கள். அது ஒரு போலி எக்ஸ்பாக்ஸ் பேடை உருவாக்கும், நிஜ பிஎஸ்4 பேடும் அப்படியே நிற்கும். கேம் ரெண்டையும் எண்ணி, முதல் ஆளுக்குப் போலியையும் ரெண்டாம் ஆளுக்கு நிஜத்தையும் கொடுத்துவிடும். பின்னணியில் ஸ்டீமும் ஓடி, அதிலும் ப்ளேஸ்டேஷன் சப்போர்ட் ஆனில் இருந்தால் மூன்றாவது ஒன்றுகூட வரும். ஒரு பேடுக்கு ஒரே மொழிபெயர்ப்பு மென்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் போதும் என்றால் டிஎஸ்4விண்டோஸை முழுவதுமாக மூடுங்கள். டாஸ்க்பாரின் ஓரத்தில் ஒளிந்திருக்கும், அங்கேயும் பாருங்கள். டிஎஸ்4விண்டோஸ்தான் வேண்டும் என்றால் ஹிட்ஹைட் (HidHide) என்ற துணை மென்பொருளைப் போட்டு நிஜ பேடை மறைத்து, டிஎஸ்4விண்டோஸை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்து, ஸ்டீமில் அந்த கேமின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய் ஸ்டீம் இன்புட்டை டிஸேபிள் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு முதல் வழியே நல்லது. ரெண்டு பேடும் ஸ்டீம் வழியாகவே போனால் பிள்ளைகள் தாங்களாகவே திறந்து ஆடலாம், ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிட வேண்டியதில்லை.

வரிசையும் முக்கியம். எக்ஸ்இன்புட்டில் இருப்பது நாலே இடம். முதலில் மாட்டிய பேடு பெரும்பாலும் முதல் இடத்தைப் பிடிக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒன்றை மாட்டி ஒரு பட்டனை அமுக்கி, பிறகு அடுத்ததை மாட்டி, கடைசியாக கேமைத் திறங்கள். நடுவில் ப்ளூடூத் பேடு தூங்கிப்போய்த் திரும்ப எழுந்தால் வேறு இடத்தில் போய் உட்காரக்கூடும். "ஏலே, என் காரை நீ ஓட்டுத!" என்று சண்டை தொடங்குவது அப்போதுதான். பேடு தானாக அணையும் நேரத்தை செட்டிங்ஸில் நிறுத்தி வையுங்கள்.

என்னைக் கேட்டால் ப்ளூடூத்தே வேண்டாம், வயரில் மாட்டுங்கள். பிஎஸ்4 பேடுக்கு மைக்ரோ யுஎஸ்பி கேபிள் வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய செல்போன் கேபிள்களில் சில சார்ஜுக்கு மட்டும்தான், டேட்டா போகாது. பேடு சார்ஜ் ஏறும், கணினிக்குத் தெரியாது. இப்படி ஆனால் கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். டிவி தூரமாக இருந்தால் 3 மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரை திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டைப் பக்கம் கம்ப்யூட்டர் கடைகளில் கேளுங்கள். தனி பவர் இல்லாத ஹப்பில் எல்லாப் பேடையும் மாட்டினால், கார்கள் மோதும்போது எல்லாமே ஒன்றாக அதிரும், கரண்ட் போதாமல் ஏதாவது ஒரு பேடின் இணைப்பு அறுந்து போகலாம். அப்படி நடந்தால் கேமில் வைப்ரேஷனை நிறுத்துங்கள், இல்லையென்றால் ஒரு பேடை நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள்.

ப்ளூடூத்தான் வழி என்றால் ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள், விளக்கு வேகமாக மினுக்கும்போது இணைக்கலாம். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ரெண்டும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் திணறும்.

பேடு ரெண்டு, பிள்ளைகள் நாலு. மீதி ரெண்டு பேருக்குப் புதுப் பேடு வாங்க வேண்டியதில்லை, கீபோர்டு போதும். ஆனால் ஒரே கீபோர்டில் ரெண்டு பேரை உட்காரவைக்காதீர்கள். சாதாரண கீபோர்டில் மூன்று நாலு கீயைச் சேர்த்து அமுக்கினால் சில சேர்க்கைகள் பதிவே ஆகாது. கீகளுக்கு அடியில் இருக்கும் கம்பிக் கட்டத்தில் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். ஒருவன் ஆக்ஸிலரேட்டரோடு திருப்பிக்கொண்டிருக்கும்போது அடுத்தவன் கார் திரும்பாமல் சுவரில் போய் முட்டும், பிள்ளை பாவம், தன் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். இன்னொரு சாதாரண யுஎஸ்பி கீபோர்டை மாட்டினால் தீர்ந்தது. விண்டோஸ் ரெண்டையும் ஒரே கீபோர்டாகத்தான் எண்ணும், அதனால் ஒருவருக்கு அம்புக்குறி கீகள், இன்னொருவருக்கு டபிள்யூ, ஏ, எஸ், டி என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் கம்பிக் கட்டம் ரெண்டுக்கும் தனித்தனி, ஒன்று மற்றதை மறைக்காது.

இந்த ஏற்பாட்டுக்குப் பொருத்தமான கேம் சூப்பர்டக்ஸ்கார்ட். முழுக்க இலவசம், சாதாரண லேப்டாப்பிலும் ஓடும், நாலு பேர் திரையைப் பிரித்து ஆடலாம், டைரக்ட்இன்புட் பேடையும் நேராக எடுத்துக்கொள்ளும். ஆப்ஷன்ஸில் கண்ட்ரோல்ஸ் பக்கம் போய், ஆட் எ டிவைஸ் அழுத்தி, ரெண்டாவது கீபோர்ட் கான்ஃபிகரேஷனைச் சேர்த்து கீகளைக் குறித்துக் கொடுங்கள். முதலில் இதில் நாலு பேரையும் ஓட்டிப் பாருங்கள். இதில் ஓடிவிட்டால் உங்கள் வயரும் போர்ட்டும் சரி என்று உறுதி. காசு கொடுக்க வேண்டிய கேம்களில் (இப்போதும் விற்பனையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்) சோனிக் அண்ட் ஆல்ஸ்டார்ஸ் ரேஸிங் ட்ரான்ஸ்ஃபார்ம்டும், 2020-ல் வந்த டர்ட் 5-ம் நாலு பேருக்கு. எஃப்1 வரிசையில் எஃப்1 2020-ல் ரெண்டு பேர் ஆடலாம். ஃபோர்ஸா ஹொரைசன் 5, அசெட்டோ கோர்ஸா ரெண்டிலும் திரை பிரிக்கும் வசதியே கிடையாது. பிள்ளைகள் யூட்யூபில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நியூக்ளியஸ் கோஆப் என்ற மென்பொருள் கேமையே ரெண்டு பிரதியாகத் திறந்து ஒப்பேற்றும். ஆனால் லேப்டாப்புக்கு ரெட்டைச் சுமை, சாதாரண மெஷின் தாங்காது.

பேடு அமைப்பில் கேமுக்குள் மாற்ற வேண்டியது மூன்றே விஷயம். முதலாவது டெட்சோன், அதாவது ஸ்டிக்கின் நடுவில் கேம் கண்டுகொள்ளாமல் விடும் சின்ன அசைவின் அளவு. ப்ரவுசரில் கேம்பேட் டெஸ்டர் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒரு பட்டனை அமுக்கிவிட்டு, ஸ்டிக்கைத் தொடாமல் விடுங்கள். எண் 0.00 அருகில் நிற்க வேண்டும். 0.06 காட்டினால் கேமில் டெட்சோனை 8 சதவீதம் வையுங்கள், அதாவது ஆடும் அளவுக்குக் கொஞ்சம் மேலே. ரொம்ப ஏற்றினால் ஸ்டிக்கைத் தள்ளியும் கார் திரும்பாது, பிறகு திடீரென்று வெட்டும். 0.15-க்கு மேல் போய்விட்டால் ஸ்டிக்கின் உள்ளே இருக்கும் கார்பன் தடம் தேய்ந்திருக்கலாம், இல்லை தூசி படிந்திருக்கலாம். பேடை அணைத்துவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு ஸ்டிக்கைச் சுழற்றிக் காயவிட்டால், தூசியாக இருந்தால் சரியாகும், தேய்மானமாக இருந்தால் ஆகாது. புதுப் பேடு வாங்கும்போது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது காந்தத்தால் வேலை செய்வது, உரசித் தேய கார்பன் தடமே இல்லை.

ரெண்டாவது லீனியாரிட்டி, அதாவது ஸ்டிக்கைத் தள்ளும் அளவுக்குக் கார் எவ்வளவு திரும்பும் என்ற கணக்கு. ஸ்டிக் நகரும் தூரம் கட்டைவிரல் அளவுதான். அதனால் நேர்ப்பாதையில் சின்ன அசைவுக்கே கார் ஆடும். லீனியாரிட்டியை 0-ல் தொடங்கி 10, 20 என்று ஏற்றினால் நடுப்பகுதி மென்மையாகும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு லாப் ஓட்டிப் பாருங்கள். நேர்ப்பாதையில் கார் ஆடாமல், கொண்டை ஊசி வளைவிலும் முழுதாகத் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது ட்ரிக்கர். பழைய யுஎஸ்பி பேடுகளில் அது வெறும் பட்டன்: அமுக்கினால் முழு பிரேக், விட்டால் சுத்தமாக இல்லை. வளைவுதோறும் வீல் பூட்டிக்கொண்டு கார் வழுக்கும். வலது ஸ்டிக் அந்தப் பேடிலும் பெரும்பாலும் அனலாக்தான் (எவ்வளவு தள்ளினோம் என்பதையும் சொல்லும்), மேலே தள்ளினால் ஆக்ஸிலரேட்டர், கீழே இழுத்தால் பிரேக் என்று மாற்றி வைத்தால் பாதி பிரேக் பிடிக்க வரும். இந்த மாற்றத்தைப் பலரும் செய்வதில்லை, ஆனால் பழைய பேடுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. மாற்ற முடியாத கேமில் அந்த ஆளுக்கு ஏபிஎஸ்ஸும் ட்ராக்ஷன் கண்ட்ரோலும் ஆனில் இருக்கட்டும்.

டிவியில் பிக்சர் மோடை கேம் மோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி தாமதம் செய்யும், கை போன பிறகுதான் கார் போகும். பேடைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் டிவியைத்தான் குறை சொல்ல வேண்டும். 32 இஞ்ச் டிவியின் அகலம் சுமார் 71 செ.மீ., உயரம் 40. நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 16 இஞ்ச் லேப்டாப் அளவுத் திரைதான். ஐந்தடி, ஆறடிக்குள் பாய் விரித்து உட்காரட்டும். ரெண்டு பேர் ஆடும்போது கேம் கேட்டால் மேல், கீழ் என்று பிரியுங்கள். ரேஸில் பக்கவாட்டில் வரும் வளைவு தெரிவதுதான் வேண்டும்.

திரையை நாலாகப் பிரித்தால் லேப்டாப் ஒரே பாதையை நாலு தடவை வரைகிறது. நிழல், பிரதிபலிப்பு, கூட்டம், பின்கண்ணாடி இவற்றை முதலில் குறையுங்கள். மே மாதத்துப் பாளையங்கோட்டை வெயிலில் அரை மணி நேரம் கழித்து எல்லாக் காரும் ஒன்றாகத் திக்கித் திணறினால், சூடு தாங்காமல் ப்ராசஸர் வேகத்தைக் குறைக்கிறது. லேப்டாப்பை மெத்தையில் வைக்காமல் பலகையில், பின்பக்கம் ஓர் இஞ்ச் தூக்கி வையுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான லேப்டாப்பில் டர்போ என்ற கூடுதல் வேகம் நின்று சூடு குறையும். ஃப்ரேம் ரேட்டை 60-ல் கட்டி வைப்பதும் நல்லது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் டிவி அணைந்து எழும். கேம் ஃபுல்ஸ்க்ரீனில் இருந்தால் சுருண்டு போகும், பார்டர்லெஸ் விண்டோவில் இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும்.

ஆடும் முறைக்கு ஒரு யோசனை. ஜெயித்தவன் உட்காருவான், தோற்றவன் எழுந்திருக்க வேண்டும் என்ற வழக்கத்தில் சின்னப் பிள்ளை நாள் முழுக்கச் சுவரோரம்தான். மூன்று லாப் முடிந்ததும் பேடும் கீபோர்டும் கை மாறட்டும், நல்ல பேடு எல்லோருக்கும் வரும். அசிஸ்ட்டுகளை ஆளுக்கு ஆள் தனியாக வைக்க விடும் கேமில், சின்னவனுக்கு ஆட்டோ கியரும் பிரேக் அசிஸ்ட்டும் கொடுத்து, பெரியவனுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ரெண்டு பேரும் கடைசி வளைவு வரை ஒட்டியே வருவார்கள்.

லீவு முடிந்து அவர்கள் அம்பாசமுத்திரம் போன பிறகும் தொடரலாம். ஸ்டீமில் ரிமோட் ப்ளே டுகெதர் என்று ஒரு வசதி 2019 முதல் இருக்கிறது. கேம் உங்களிடம் மட்டும் இருந்தால் போதும், ஆனால் அது ஒரே திரையில் பலர் ஆடும் வசதி உள்ள கேமாக இருக்க வேண்டும். படம் உங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது, ஆகவே பார்க்க வேண்டியது டவுன்லோடு வேகத்தை அல்ல, உங்கள் அப்லோடு வேகத்தை. அது 10 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் இருக்கட்டும், லேப்டாப்பை ரவுட்டரில் லேன் வயரால் மாட்டுங்கள்.