பாலம் கடந்து பூனை பார்க்கப் போகிறவர் எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். வெளியூர் செல்பவர்களின் வீட்டுக்கே போய் அவர்களுடைய பூனை, நாய்களைப் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலோர் பாலத்துக்கு அப்பால் பினாங்குத் தீவில், தஞ்சோங் தொக்கோங் பக்கம் இருக்கிறார்கள். ஒரு முறை காரில் சென்று வர 25 வெள்ளி வாங்குகிறேன். அக்காள் வீடும் அங்கேதான். பண்டிகைக்குப் பத்து நாள் அவர்கள் ஊருக்குப் போகும்போது, காலையும் மாலையும் அவர்களுடைய நாய்களை இலவசமாகப் பார்க்கிறேன். ஓய்வே இல்லை. ஆனாலும் கடன் அட்டையில் 3,000 வெள்ளி பாக்கி அப்படியே நிற்கிறது. கட்டணத்தை உயர்த்தலாமா? கண்காணிப்புக் கேமராக்களைத் தவணையில் வாங்கிக் கூடுதலாகக் கேட்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, செலவைக் குறைக்கும்படி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களை வருத்துவது ஒரே ஒரு பழக்கம்: மற்றவர்களுக்காகச் செய்யும் பயணத்தின் செலவை உங்கள் கைக்காசிலிருந்து கொடுக்கிறீர்கள்.

போய்வர ஏறத்தாழ 55 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு, அரசாங்க உதவித்தொகையால் குறைந்த விலையான 1.99 வெள்ளியில் கணக்கிட்டாலும், பெட்ரோலுக்கு 7 வெள்ளிக்கு மேல் ஆகிறது. பாலத்து டோல் 5.74 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 13 வெள்ளி போனால் கையில் மிஞ்சுவது 12 வெள்ளி. சாலையிலும் அந்த வீட்டிலும் கழியும் இரண்டரை மணி நேரத்துக்கு அது மணிக்கு 5 வெள்ளிகூட ஆகவில்லை. மலேசியாவின் குறைந்தபட்ச ஊதியமோ மணிக்கு 8.17 வெள்ளி. கார் டயரின் தேய்மானத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. அட்டைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் மாதம் 45 வெள்ளி; அந்த வட்டியைக் கட்டுவதற்காக மட்டும் நீங்கள் மாதம் நான்கு முறை பாலம் கடக்கிறீர்கள்.

ஆகவே உழைப்புக்கு மணிக்கு 12 வெள்ளி, பயணத்துக்கு 13 வெள்ளி என வைத்து, தீவுக்கு ஒரு வருகை 45 வெள்ளி என்று சொல்லுங்கள். ஒரே அடுக்குமாடியில் இரண்டு வீடு கிடைத்தால் பயணச் செலவை இருவருக்கும் பங்கிட்டுக் குறைத்துக் கொடுக்கலாம். பட்டர்வொர்த்துக்குள்ளேயே என்றால் டோலே இல்லை, 25 வெள்ளி போதும். மருந்து கொடுக்க வேண்டிய பிராணிக்கும் பண்டிகை நாளுக்கும் கூடுதல் கேட்பது நியாயமே, ஏனென்றால் பொறுப்பும் கூடுகிறது, அந்த நாளில் உங்கள் குடும்பமும் காத்திருக்கிறது. இரவு தங்குவதை இரண்டு வருகையாகக் கணக்கிடாதீர்கள். ஓர் இரவு முழுவதையும் கொடுக்கிறீர்கள், அதற்குத் தனி விலை வேண்டும். பண்டிகைக்காலப் பதிவுக்குப் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிடுங்கள். சிலர் விலகுவார்கள். பாதிப் பேர் விலகினாலும் மிஞ்சுவது குறையாது: முன்பு வருகைக்கு 12 வெள்ளி, இனி 32.

அக்காள் விஷயத்தில் உங்கள் அன்புக்கு விலை பேசச் சொல்லவில்லை. ஆனால் பத்து நாளில் இருபது பயணம் என்பது 260 வெள்ளி ரொக்கம். காசு கொடுக்கக்கூடியவர்கள் உங்களைத் தேடும் அதே நாட்களில் அது போகிறது. கூலியை விட்டுக்கொடுங்கள், பெட்ரோலையும் டோலையும் அத்தானிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். தயங்கினால் நாய்களை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள்.

கேமராவைத் தவணையில் வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. 'வட்டியில்லை' என்று விளம்பரம் செய்யும் தவணைத் திட்டங்களிலும் நாள் தவறினால் அபராதம் உண்டு, உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கடன் இருக்கிறது. பிராணியின் படத்தைத் தினமும் கைப்பேசியில் அனுப்பினாலே வாடிக்கையாளர் நிம்மதியடைவார். புதிய கட்டணத்தில் கிடைக்கும் கூடுதல் பணம் முதலில் அட்டைக்குப் போகட்டும். அது தீர்ந்தபின், சுயதொழில் செய்பவர்களுக்கான ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் மாதந்தோறும் போடத் தொடங்குங்கள். அரசாங்கமும் அதில் தன் பங்கைச் சேர்க்கிறது.