சாமியாட்டம், கேஸ் அடுப்பு, கண்ணீர்: எது பிறழ்வு?

கல்லூரியில் பிறழ்நிலை உளவியல், அதாவது மனமும் நடத்தையும் இயல்பிலிருந்து பிறழ்வதைப் பற்றிய பாடம், நடத்துகிறவன் என்று தெரிந்ததும் கேள்விகளைக் கொட்டிவிட்டீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஒன்று மட்டும்: இங்கே யாருக்கும் நோய்ப் பெயர் சூட்ட மாட்டேன். அது நேரில் உட்கார்ந்து பேசிச் செய்யவேண்டிய வேலை.

பத்துப் பேரில் ஒன்பது பேர் செய்யாததை ஒருவன் செய்தால் அது பிறழ்வுதானே சார்? (மாணவர், திருச்சி)

அப்படிப் பார்த்தால் உங்கள் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவனைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். நுண்ணறிவு ஈவின் (ஐ.க்யூ.) சராசரி 100. நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் 70-க்குக் கீழே வருவார்கள், அதே இரண்டு பேர் அளவில் 130-க்கு மேலேயும் வருவார்கள். இரண்டுமே அபூர்வம்தான், ஆனால் கவலைப்படுவது ஒரு பக்கத்துக்கு மட்டும். அந்தப் பக்கத்திலும் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. சட்டை போடுவது, கடையில் மீதிச் சில்லறை வாங்குவது, பேருந்தில் போய் வருவது எல்லாம் எப்படி என்று பார்ப்பார்கள்.

பாடப்புத்தகத்தில் பிறழ்வை அளக்க நான்கு அளவுகோல் இருக்கும்: விலகல் (வழக்கத்திலிருந்து மாறுபடுவது), வேதனை, செயல்பாட்டுக் குறைவு, ஆபத்து. தேர்வுக்கு நான்கையும் எழுதுங்கள். என்னைக் கேட்டால் நடுவில் உள்ள இரண்டுக்குத்தான் எடை அதிகம். ஆபத்து என்று பார்த்தால், மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, சினிமாதான் அப்படிக் காட்டுகிறது.

எங்கள் சித்தப்பாவுக்கு ஆடிக் கொடையில் அம்மன் வரும். வெளியூரில் படிக்கும் என் மகன் அதை மனநோய் என்கிறான். (ஒரு அக்கா, தென்காசி)

அக்கா, சித்தப்பாவுக்கு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். உடுக்கை உச்சத்துக்குப் போகும்போது, கோயில் வாசலில், ஊரே எதிர்பார்த்து நிற்கும்போது. குறி சொல்லி, திருநீறு பூசிவிட்டு, தண்ணீர் தெளித்ததும் இறங்கிவிடுகிறது. மறுநாள் காலையில் வழக்கம்போல வயலுக்குப் போகிறார். அவருக்கும் துன்பமில்லை, வீட்டுக்கும் இல்லை.

மனநோய்களைப் பட்டியலிடும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். நூலே இதற்கு இடம் விடுகிறது. தன்னுள் வேறொரு ஆள் புகுந்ததுபோல் ஆகும் கோளாறைச் சொல்லும் இடத்தில், சமூகம் ஏற்றுக்கொண்ட மத, பண்பாட்டு வழக்கமாக இருந்தால் அதைக் கோளாறில் சேர்க்கக் கூடாது என்கிறது. மகனிடம் காட்டுங்கள்.

ஆனால் அதே சாமி செவ்வாய்க்கிழமை பகலில் ரேஷன் வரிசையில் வந்து, அவர் நிறுத்த நினைத்தும் நிற்காமல், நாள்கணக்கில் சாப்பாடு தூக்கம் இல்லாமல் போனால் கதை வேறு. அப்போது கோயிலுக்கும் போங்கள், டாக்டரிடமும் போங்கள்.

கிளம்பும்போது கேஸை மூன்று தடவை பார்ப்பேன். ஓ.சி.டி.யா?

ஓ.சி.டி. என்பது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கோளாறு. மூன்று தடவை பார்த்துவிட்டு பஸ்ஸைப் பிடித்துவிடுகிறீர்களா? அப்படியென்றால் ஜாக்கிரதையான ஆள், அவ்வளவுதான். ரெகுலேட்டரை போனில் படமெடுத்து, தெருமுனையில் அதைப் பார்த்து, 'இது நேற்று எடுத்த படமோ' என்று திரும்பி வந்து, வேலைக்குத் தாமதமாகி, மறுநாளும் அதே கதை என்றால் பேசவேண்டிய விஷயம். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறதா, அல்லது வாழ்க்கை முடங்குகிறதா என்றுதான் கேட்பார்கள்.

அம்மா போய் நாலு மாதம். இன்னும் அவர் புடவையை எடுத்தால் அழுகிறேன்.

அழுங்கள். நாலு மாதம் ஒன்றுமே இல்லை. தீராத துக்கத்தைக் கோளாறாகச் சேர்த்தது 2022-இல் வந்த டி.எஸ்.எம். பதிப்பு. பெரியவர்களுக்கு அது வைத்த கெடு குறைந்தது ஒரு வருடம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ ஆறு மாதம் என்கிறது. இரண்டு பெரிய அமைப்புகளே ஒத்துப்போகவில்லை, பாருங்கள். ஆனால் 'நானும் அம்மாவோடு போய்விடலாம்' என்று தோன்றினால் எந்தக் கெடுவுக்கும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? இன்றைக்கு நோய், நாளைக்கு இல்லை என்றால் எப்படி நம்புவது?

நியாயமான சந்தேகம். 1851-இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதற்கே ஒரு நோய்ப் பெயர் வைத்தார். ஓடுகிறவனுக்கு நோயாம், கட்டிவைத்தவனுக்கு இல்லையாம்! ஓரினச்சேர்க்கை 1973 வரை டி.எஸ்.எம். பட்டியலில் இருந்தது. எடுத்ததை எதிர்த்து மறு வருடம் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பே நடந்தது, எடுத்தது எடுத்ததுதான் என்று ஆனது. ஊர் வழக்கத்தை மீறுவதையும் நோயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இப்படித்தான் ஆகும். நம் நாட்டின் 2017 மனநலச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒருவர் சமூகத்தின் ஒழுக்க, மத, அரசியல் நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. காதலித்த பெண்ணை 'மண்டை சரியில்லை' என்று டாக்டரிடம் இழுத்துவரும் வீடுகள் இதைப் படித்தால் தேவலை.

தனியாக இருக்கும்போது எனக்கு நானே பேசிக்கொள்கிறேன். நான் லூசா?

இல்லை தம்பி. நானும் பேசுவேன், முக்கியமாக வண்டிச் சாவியைத் தேடும்போது. பக்கத்தில் ஆளே இல்லாமல் வேறு குரல் பதில் சொல்வது காதில் விழுந்தால் மட்டும் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.