ஆட்டோமேட்டிக் சுப்ராவை மேனுவலாக்கலாமா?

கேள்வி: என்னிடம் 1994 டொயோட்டா சுப்ரா இருக்கிறது. டர்போ இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. கொஞ்ச நாளாக கியர் மாறும்போது என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுப்பதில்லை. மேனுவல் கியர்பாக்ஸ் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். புதுப்பேட்டையில் கிடைக்குமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போடலாம். ஆனால் ஆட்டோமேட்டிக் கெட்டுவிட்டதாக இப்போதே முடிவு கட்டாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது ஏ340இ என்ற நான்கு கியர் பெட்டி. த்ராட்டிலில் இருந்து அதற்கு ஒரு கேபிள் போகும். உள்ளே ஆயில் பிரஷரை ஏற்றி இறக்குவது அதுதான். அது தளர்ந்தாலே நீங்கள் சொல்லும் வழுக்கல் வரும். முதலில் கேபிளைச் சரிசெய்துவிட்டு, கியர் ஆயிலை டிப்ஸ்டிக்கில் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நம்பிக்கை உண்டு. கறுத்துப் போய் கருகின வாடை அடித்தால் உள்ளே பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன. அப்புறம் மேனுவல் பேச்சை எடுக்கலாம்.

டர்போ இல்லாத சுப்ராவுக்கு டொயோட்டாவே கொடுத்த மேனுவல், டபிள்யூ58 என்ற ஐந்து கியர் பெட்டி. டர்போ வண்டியின் ஆறு கியர் கெட்ராக் வி160 மிகவும் விலை கூடியது, உங்கள் என்ஜினுக்கு அவ்வளவு பலமும் தேவையில்லை. பின்னாளில் டர்போ மாட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். டபிள்யூ58 அதைத் தாங்காது.

இந்தப் பெட்டி அதற்கு முந்தைய சுப்ராக்களிலும் வந்தது. ஆனால் அவற்றின் பெல் ஹவுசிங், அதாவது கியர்பாக்ஸை என்ஜினோடு சேர்க்கும் மணி வடிவக் கூடு, உங்கள் வண்டியின் 2ஜேஇசட் என்ஜினில் உட்காராது. பெட்டி மலிவாகக் கிடைத்தால் இந்தக் கூட்டைப் பார்த்து வாங்குங்கள். புதுப்பேட்டையில் மாருதிக்குக் கிடைப்பதுபோல இதற்குக் கிடைக்காது. ஃபிளைவீல், கிளட்ச் செட், பெடல்கள், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், கியர்பாக்ஸ் தாங்கி, மேனுவலுக்கான புரொப்பெல்லர் ஷாஃப்ட், என்ஜின் கம்ப்யூட்டர் எல்லாமே ஒரே வண்டியிலிருந்து செட்டாக வந்தால்தான் நிம்மதி. அமெரிக்க வண்டியின் பெடல்கள் வேண்டாம், அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். எல்லாம் பட்டறைக்கு வந்து சேரும்வரை ஆட்டோமேட்டிக்கில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். பாதியில் நின்று, செங்கல் மேல் ஏற்றி வைத்தே துருப்பிடித்த நல்ல வண்டிகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். உங்கள் பக்கம் கடற்காற்று வேறு.

இரண்டு இடங்களில் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். ஒன்று, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் பைலட் பேரிங் போட்டார்களா என்று பார்ப்பது. ஆட்டோமேட்டிக்குக்கு அது தேவையில்லை, அதனால் மறந்துபோகிறது. கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்குவது அதுதான். அது இல்லாவிட்டால் ஷாஃப்ட் ஆடி, கியர்பாக்ஸ் சீக்கிரம் போய்விடும். ஃபிளைவீல் போல்ட்டும் புதிதாக, ஃபிளைவீலுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் ஃபிளைவீலுக்குப் பதிலாக இருந்த மெல்லிய பிளேட்டின் போல்ட் பொருந்தாது.

இன்னொன்று, ஸ்டார்ட்டர் ஒயரிங். ஆட்டோமேட்டிக்கில் பார்க், நியூட்ரல் இரண்டில் மட்டும்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். அந்த சுவிட்சை எடுத்ததும் பலர் ஒயரை நேராக முறுக்கிவிடுகிறார்கள். அப்போது கியரில் இருக்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் பாயும். நம் தெருக்களில் வண்டிக்கு எதிரே எப்போதும் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். கிளட்ச் பெடலில் சுவிட்ச் வைத்து, அதை மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி செய்யச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ரிவர்ஸ் லைட்டையும் புதிய பெட்டியின் சுவிட்சோடு இணைக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் என்ஜின் கம்ப்யூட்டரே ஆட்டோமேட்டிக்கையும் கவனித்துக்கொள்கிறது. பெட்டியைக் கழற்றியதும் அது பழுது என்று எண்ணி விளக்கை எரியவிடும். மேனுவல் கம்ப்யூட்டர் கேட்டது அதனால்தான். ரேடியேட்டரில் ஆயில் குழாய் வந்த இரண்டு வாய்களையும் மூடி அடைத்துவிடலாம். பின் ஆக்சில் விகிதம் இரண்டு வகைக்கும் ஒன்றா என்று வண்டியின் அடையாளத் தகட்டில் உள்ள குறியீட்டை வைத்துச் சரிபாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. வேலையைத் தொடங்கும் முன் ஆர்சியோடு தண்டையார்பேட்டை ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலை வண்டிக் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.