‘ரேஜ்’ என்றால் கோபமா, மோகமா?

கேள்வி: ரேஜ் என்றால் கடுங்கோபம். அப்படியிருக்க, ‘ஆல் த ரேஜ்’ என்றால் எல்லோரும் விரும்பும் புதுமோகம் என்று எப்படிப் பொருள் வருகிறது? ஃப்யூரி, க்ரேஸ், ஃபேட், ட்ரெண்ட் இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

நம் ‘வெறி’ என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். வெறிநாய் என்கிறோம், கொலைவெறி என்கிறோம், கிரிக்கெட் வெறியன் என்றும் சொல்கிறோம். ரேஜும் அப்படித்தான். வெறிநோய்க்கு இன்றும் பெயராக நிற்கும் ரேபீஸ் என்ற லத்தீன் சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ரேஜ் ஆனது. தன்வசம் இழப்பதுதான் இதன் கரு. இழந்தவர் ஒருவர்மேல் பாய்ந்தால் கோபம். ஊரே ஒரு பொருளின் பின்னால் ஓடினால் மோகம்.

அதனால் சாதாரணக் கோபத்துக்கு ரேஜ் போடாதீர்கள். பேருந்து தாமதமானால் வருவது அனாயன்ஸ். ஹார்ன் அடித்து முறைப்பது ஆங்கர். வண்டியை நிறுத்தி இறங்கி அடிக்கப் போவதுதான் ரோட் ரேஜ். ஃப்யூரியும் அதே சூடுதான். ரோமானியரின் பழிவாங்கும் தெய்வங்களுக்கு அந்தப் பெயர் இருந்ததால் பழியின் சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ரேஜுக்குக் கைக்கு எளிதான பெயரடை இல்லை. எனவே பேச்சில் ‘ஐ வாஸ் ஃப்யூரியஸ்’ என்பதே இயல்பு. கடுஞ்சினத்தைக் குறிக்கும் ராத் கடவுளுக்கும் அரசனுக்கும் உரியது, அலுவலக மின்னஞ்சலில் மிகையாகத் தெரியும்.

அநியாயத்தைக் கண்டு எழுவது இன்டிக்னேஷன்; ‘எனக்கு நியாயம் இருக்கிறது’ என்ற உணர்வு அதற்குள்ளேயே உண்டு. வெளியே காட்டாமல் கறுவிக்கொண்டிருப்பது ரிசென்ட்மென்ட். அவுட்ரேஜ் பார்வைக்கு ‘அவுட்’டும் ‘ரேஜ்’ஜும் சேர்ந்ததுபோல இருக்கும், ஆனால் அப்படியல்ல. ‘அப்பால்’ என்று பொருள்படும் ‘அல்ட்ரா’விலிருந்து வந்தது. ஆகவே எல்லை மீறிய செயலும் அவுட்ரேஜ், அதைக் கண்டு கொதிப்பதும் அவுட்ரேஜ்.

மோகத்தின் பக்கம் வந்தால், அதிகம் தவறாகக் கையாளப்படுவது ஃபேட். அதில் ஏளனம் இருக்கிறது: காரணமில்லாமல் வந்தது, சீக்கிரம் போய்விடும் என்ற தீர்ப்பு. 1975-இல் அமெரிக்காவில் கூழாங்கல்லைப் பெட்டியில் வைத்து ‘பெட் ராக்’ என்ற பெயரில் செல்லப்பிராணியாக விற்றார்களே, அது ஃபேட். உங்கள் கடை விளம்பரத்தில் ‘இந்தப் புடவைதான் இப்போது ஃபேட்’ என்று எழுதினால் சரக்கை நீங்களே மட்டம் தட்டுகிறீர்கள். அங்கே ‘ஆல் த ரேஜ்’ அல்லது ‘இன் வோக்’ பொருந்தும்; இரண்டாவதில் கொஞ்சம் நாகரிகத் தொனி.

க்ரேஸில் ஏளனத்தைவிடக் கூட்டத்தின் பரபரப்பு அதிகம். 1958-இல் இடுப்பில் சுழற்றும் ஹூலா ஹூப் வளையத்துக்கு வந்தது க்ரேஸ். ட்ரெண்டுக்கு முதலில் ‘திரும்பு’ என்று பொருள். பிறகு கடற்கரையோ ஆறோ எந்தப் பக்கம் திரும்பிச் செல்கிறது என்பதைச் சொன்னது. அறிக்கைகளில் இன்றும் அது ஆண்டுக்கணக்கில் நீளும் போக்கு. சமூக ஊடகத்தில் மட்டும் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே கட்டுரையில் கலந்தால் வாசகர் குழம்புவார்.

இன்னொன்று: ‘என்மேல் கோபமா?’ என்பதை நேராகப் பெயர்த்து ‘ஆங்க்ரி ஆன் மீ’ என்கிறோம். ஆளுக்கு ‘வித்’ அல்லது ‘அட்’, விஷயத்துக்கு ‘அபவுட்’. ‘மேட்’ என்ற சொல்லில் இது இன்னும் முக்கியம்: ‘மேட் அட் ஹர்’ என்றால் அவள்மேல் கோபம், ‘மேட் அபவுட் ஹர்’ என்றால் அவள்மேல் பித்து.