பழைய வயலின் பாடநூல்கள் – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித்தருகிறேன். ஏற்காட்டில் பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது எடைக்குப் போட்ட காகிதக் கட்டில் வோல்ஃபார்ட் எழுதிய வயலின் பயிற்சி நூல், ஓபஸ் 45 (ஓபஸ் என்பது படைப்பு எண்) கிடைத்தது. அட்டை இல்லை, ஆண்டும் இல்லை. ஹான்ஸ் சிட் பதிப்பித்தது என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. இதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமா? உரிமைக்காலம் முடிந்த இதுபோன்ற புத்தகங்களை எப்படித் தேடுவது?

— ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

தாராளமாகக் கொடுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள்தான் காப்புரிமை. ஃபிரான்ஸ் வோல்ஃபார்ட் 1884இல் இறந்தார், ஹான்ஸ் சிட் 1922இல். ஆகவே அச்சிட்ட ஆண்டு தெரியாதது உங்களுக்குத் தடையே இல்லை.

சிட்டின் காலத்தையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வயலின் பாடநூலின் ஒரே பக்கத்தில் பலருடைய உழைப்பு படிந்திருக்கும். சுரம் எழுதியவர் ஒருவர், ஃபிங்கரிங்கும் (எந்த விரல்) போயிங்கும் (வில்லை இழுக்கும் விதம்) குறித்தவர் இன்னொருவர், விளக்கத்தை மொழிபெயர்த்தவர் வேறொருவர். வயலின் பயிற்சிகள் எழுதிய க்ராய்ட்சர் 1831இல் இறந்தவர். ஆனால் அவருடைய 42 பயிற்சிகளுக்கு இவான் கலாமியன் செய்த பதிப்பு 1963இல் வந்தது. கலாமியன் இறந்தது 1981இல். அவர் போட்ட குறிப்புகளுக்குத் தனி உரிமை கோர இடமுண்டு. லெயோபோல்ட் மோட்சார்ட்டின் வயலின் பாடநூல் 1756இல் வந்தது, அதன் ஆங்கில மொழிபெயர்ப்போ 1948இல். பழைய பெயரைப் பார்த்ததும் எல்லாம் பொதுச்சொத்து என்று எண்ணிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

தேட முதல் இடம், உரிமைக்காலம் முடிந்த இசைநூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஐஎம்எஸ்எல்பி இணையதளம். அங்கே ஒவ்வொரு கோப்பின் கீழும் பதிப்பாசிரியர், பதிப்பகம், ஆண்டு, தகட்டு எண் இருக்கும். தகட்டு எண் என்பது பக்கங்களின் அடியில் திரும்பத் திரும்ப வரும் எண். ஆண்டு போடாத இசைநூலுக்கு வயது கணிக்க அதுதான் துணை. அட்டையில் இருக்கும் பதிப்பகப் பட்டியல் எண்ணை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மறுபதிப்புகளிலும் மாறாமல் வரும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திலும் நிறைய உண்டு. ஆனால் இரவல் முறையில் மட்டும் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் உரிமை உள்ளவை, அவற்றைத் தவிருங்கள். அமெரிக்காவில் இருக்கும் மாணவருக்கு ஆன்லைனில் அனுப்புவதானால் அந்த நாட்டுக் கணக்கு வேறு: பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள்.

வோல்ஃபார்ட்டுக்கு அடுத்து கைசர் ஓபஸ் 20, மசாஸ் ஓபஸ் 36 என்று அடுத்தடுத்த பயிற்சி நூல்களுக்குப் போகலாம். கை வேகத்துக்கு ஷ்ராடிக், போயிங்குக்கு செவ்சிக் ஓபஸ் 2. கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கடைசிப் புத்தகத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். உட்காரும் முறையும் சுருதி கூட்டுவதும் மேற்கத்திய முறையிலிருந்து வேறானாலும் வில்லைப் பங்கிட்டு இழுக்கும் பயிற்சி இரண்டுக்கும் பொது. படித்துப் புரிந்துகொள்ள வயலின் ஆசிரியர் லெயோபோல்ட் அவுவர் வயலின் வாசிப்பு பற்றி எழுதிய 1921ஆம் ஆண்டு நூல் நல்லது. அவர் 1930இல் மறைந்தார். ஒரு எச்சரிக்கை: பழைய ஜெர்மன் பாடநூல்கள் வலது முழங்கையை உடம்போடு ஒட்டிவைக்கச் சொல்லும். அதை அப்படியே பழக்கினால் தோள் இறுகும். பயிற்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அறிவுரையை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் பிரதி. ஏற்காட்டு ஈரத்தில் கிடந்த காகிதம் பூஞ்சை பிடித்திருக்கும். நிழலில் காற்றாட உலர்த்தி, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். வெயிலில் போட்டால் பழுப்புத் தாள் இன்னும் நொறுங்கும். ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். புத்தகத்தைப் பாதி திறந்த நிலையில் தாங்கிவைத்து மேலிருந்து படமெடுப்பதே மேல். தாள்கள் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஸ்கேனரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு), கறுப்பு வெள்ளையில் எடுங்கள். 300இல் சுரம் எழுதும் ஐந்துகோடுகள் அறுந்து தெரியும், பொடி எழுத்து ஃபிங்கரிங் கரைந்துபோகும். இசைத்தாளின் வழக்கமான அளவு 9க்கு 12 அங்குலம். அது ஏ4இல் அடங்க 92 சதவீதமாகக் குறைத்தால் போதும்.

நகல் போடுமுன் எண்ணிப் பாருங்கள். ஓபஸ் 45இல் மொத்தம் 60 பயிற்சிகள், இரண்டு பாகம். முதல் 30 பயிற்சிகள் முதல் பொசிஷனிலேயே (பொசிஷன் என்பது வயலின் கழுத்தில் இடது கை நிற்கும் இடம்) நிற்கும், மேல் பொசிஷன்கள் இரண்டாம் பாகத்தில்தான் வரும். உங்களிடம் முதல் பாகம் மட்டும் இருந்தால் மற்றதை ஐஎம்எஸ்எல்பியில் சிட்டின் பதிப்பாகவே பார்த்து இறக்குங்கள். வேறொருவர் பதிப்பைச் சேர்த்தால் பாதியில் ஃபிங்கரிங் மாறி பிள்ளைகள் தடுமாறுவார்கள்.