பாலிஷ் அப்புறம், முதலில் காற்றுக் கசிவைப் பாருங்கள்

பழைய கிராமபோன் பெட்டிகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மரத்தைப் பளபளப்பாக்குவது எப்படி என்றுதான் கேட்கின்றன, பாட்டு எப்படிக் கேட்கிறது என்று எழுதியவர்கள் குறைவு.

பக்கத்து ஊரில் பழைய வீட்டுச் சாமான்களை விற்றபோது விக்ட்ரோலா 11ஆம் மாடல் ஒன்று வாங்கினேன். மஹாகனி மரம், தரையில் நிற்கும் பெரிய பெட்டி. மேலெல்லாம் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கிறது. பாட்டு சன்னமாக, கரகரவென்று வருகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பாலியூரித்தேன் அடித்துவிடு, புதுசாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா? (எடிசன், நியூ ஜெர்சி வாசகர்)

செய்யாதீர்கள். நண்பரிடம் உப்புத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் இருக்கும் இடமே இந்தக் கதையின் நடுவில்தான் இருக்கிறது. 1877இல் எடிசன் போனோகிராப்பைச் செய்த மென்லோ பார்க் உங்கள் ஊர் எல்லைக்குள். உங்கள் பெட்டியைச் செய்த விக்டர் கம்பெனி இருந்த கேம்டனும் அதே மாநிலம். 1906 வரை ஒலி வெளிவரும் குழல் வெளியே பெரிய பூவாக நீட்டிக்கொண்டிருந்தது, தூசி சேரும், வரவேற்பறையில் இடத்தை அடைக்கும். விக்டர் கம்பெனியின் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் அந்தக் குழலைக் கீழ்நோக்கி மடக்கிப் பெட்டிக்குள் ஒளித்து, முன்னால் இரண்டு கதவு வைத்து, விக்ட்ரோலா என்று பெயர் சூட்டி 200 டாலருக்கு விற்றார். முதலில் வந்த பெட்டிகளை பிலடெல்பியாவில் இருந்த ஒரு மரச்சாமான் கம்பெனிதான் செய்து கொடுத்தது. அதாவது வாங்கியவர்களுக்கு அது மரச்சாமான், ஆனால் உள்ளே பாட்டு போகும் வழியின் பாதி அந்த மரம்தான். அழகை மட்டும் தனியாகச் சரிசெய்வேன் என்று கிளம்பினால் காதுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஆகவே ஒலியிலிருந்து தொடங்குவோம். இந்த இயந்திரத்தில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது, ஊசி பள்ளத்தில் அசைகிற அசைவுதான் மொத்த சக்தியும். அது சவுண்ட் பாக்ஸுக்குள் (ஊசி மாட்டியிருக்கும் வட்டத் தலை) இருக்கும் மைக்கா தகட்டை ஆட்டுகிறது, தகடு காற்றை ஆட்டுகிறது, அந்தக் காற்று சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் குழாய்க் கை வழியாக வார்ப்பிரும்பு வளைவுக்குள் இறங்கி மரக் குழலில் விரிந்து வெளியே வருகிறது. நடுவில் எங்கே ஓட்டை இருந்தாலும் முதலில் காணாமல் போவது கீழ் ஸ்வரங்கள். நீங்கள் சொல்லும் ‘சன்னம்’ அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சவுண்ட் பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். மைக்காவின் இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் குழாய் வளையம் ஒன்று உட்கார்ந்திருக்கும். நூறு வருஷத்தில் அது நிச்சயம் கல்லாகியிருக்கும், நகத்தால் அழுத்தினால் தெரிந்துவிடும். பின்பக்கம் கையோடு பொருந்தும் இடத்தில் உள்ள ரப்பரும் அப்படியே. இரண்டையும் மாற்றுங்கள், அமெரிக்காவில் இதற்கென்றே உதிரிப் பொருள் விற்பவர்கள் இருக்கிறார்கள். புது வளையத்தை மைக்காவைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத்தான் வைக்க வேண்டும், நெருக்கக் கூடாது. நெருக்கினால் தகடு ஆடாது, பாட்டு மூக்கால் பாடுவதுபோல வரும். ஊசியைப் பிடித்திருக்கும் கம்பி மைக்காவின் நடுவில் ஒரு சின்னத் திருகாணியால் மாட்டப்பட்டிருக்கும், அந்த இடத்தில் உருக்கிய தேன்மெழுகு ஒரு சொட்டு விடுங்கள். கம்பியில் லேசான ஆட்டம்கூட இருக்கக் கூடாது, கரகரப்புக்கு முக்கால்வாசிக் காரணம் அந்த ஆட்டம்தான். மீதிக் கால்வாசி, தேய்ந்த ஊசி. எஃகு ஊசியை ஒரு பக்கம் பாடியதும் எறிந்துவிட வேண்டும். இசைத்தட்டின் அரக்கோடு கல்மாவு கலந்திருக்கிறது, அது ஊசி முனையை அரைத்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ப ஆக்கிக்கொள்ளும், அப்படி அரைபட்ட ஊசி அடுத்த தட்டை உழுதுவிடும்.

அடுத்து, கை வளைவோடு சேரும் இடத்தில் கெட்டியான கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், கை தடையில்லாமல் நகரவும் வேண்டும், காற்றும் போகக் கூடாது. கதவைத் திறந்து டார்ச் அடித்துக் குழலின் உள்பக்க மூட்டுகளைப் பாருங்கள், வஜ்ரம் (ஆசாரிகளின் பழைய மரப்பசை) காய்ந்து உதிர்ந்து வெளிச்சம் தெரிகிற அளவுக்குப் பிளந்திருப்பது சாதாரணம். அங்கே மறுபடி வஜ்ரமே வைத்து அடையுங்கள். சிலிக்கான் பசை வேண்டாம், அடுத்து யாராவது கழற்ற வேண்டியிருக்கும். பாட்டு ஓடும்போது மூடியைத் தாங்கும் கம்பி, ஊசிக் கிண்ணங்கள், கீல்கள், பின்பலகை என்று ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக்கொண்டே வாருங்கள், எதைத் தொட்டதும் இரைச்சல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

1925 நவம்பரில் விக்டர் கொண்டுவந்த ஆர்த்தோபோனிக் இயந்திரங்களின் சவுண்ட் பாக்ஸை இதில் மாட்டினால் ஒலி கூடும் என்று யாராவது சொல்வார்கள். சத்தம் கூடும், உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியின் நீளமான மடிப்புக் குழலுக்காகக் கணக்குப் போட்டுச் செய்தது அது. உங்கள் குட்டைக் குழலில் அது கத்தும். எனக்குப் பிடிக்காது.

இப்போது மரத்துக்கு வருவோம். அந்தக் கறுப்பு பெரும்பாலும் அழுக்கு, நிலக்கரிப் புகை, பழைய மெழுகு. அடியில் நல்ல பூச்சு இருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக்குகள் கைக் கிரீஸைப் போக்கப் பயன்படுத்தும் வெள்ளைக் கிரீம் இருக்கிறதே, கோஜோ போன்றது, அதில் கல்துகள் இல்லாத வகையை மென்மையான துணியில் எடுத்து ஒரு சாண் இடமாகத் தேய்த்துத் துடையுங்கள். முதலில் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்து பாருங்கள். துணியில் கறுப்பு வந்தால் அழுக்கு, சிவப்பு வந்தால் சாயம், உடனே நிறுத்துங்கள். மூடியின் உட்புறம் உள்ள நாய்ப் படத்தின் பக்கமே போகாதீர்கள், அதன் தங்க ஓரம் துடைத்த துணியோடு வந்துவிடும். அழுக்கு போனபின் மெழுகு தடவி மெருகேற்றினால் போதும். பாலியூரித்தேன் அடித்தால் பெட்டி பிளாஸ்டிக்கில் சுற்றிய மாதிரி மின்னும், மதிப்பும் அதோடு போய்விடும், பிறகு அதை எடுக்க வேண்டுமானால் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தோலான வெனீரையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

தாத்தா வாங்கிய ஹெச்எம்வி மேசைப் பெட்டி, தேக்கு. மழைக்காலத்துக்குப் பிறகு மேலே வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. ஆசாரி மெலமைன் பாலிஷ் போடலாம் என்கிறார். (நாகர்கோவில்)

ஆசாரியிடம் அவலரக்கு (அவல்போல் செதிலாக வரும் அரக்கு) இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கை உள்ளவராக இருந்தால் இருக்கும்.

தெரியாத ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை அரை நிமிஷம் வையுங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்கு, பழைய பிரெஞ்ச் பாலிஷ். அந்த வெள்ளை என்பது பூச்சுக்குள் புகுந்த ஈரம், மரம் கெட்டுப்போனதல்ல. பெட்டியை நிழலில், காற்றாட, ஒரு வாரம் உலர விடுங்கள் (வெயிலில் வேண்டாம், தேக்காக இருந்தாலும் மூட்டு வாய் பிளக்கும்). பிறகு பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, அதில் ஸ்பிரிட்டைப் பட்டும் படாமலும் தொட்டு, நிற்காமல் வீசி வீசித் தடவினால் பூச்சு தானே இளகி மறுபடி தெளியும். ஓர் இடத்தில் நிறுத்தினால் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும், அதனால் இதை உங்களைவிட ஆசாரி செய்வது நல்லது. அங்கங்கே பூச்சே போயிருந்தால் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாகச் சில கை போடச் சொல்லுங்கள். மெலமைனைப் பின்னால் கரைக்க முடியாது, அரக்கை எப்போது வேண்டுமானாலும் தொட்டுச் சரிசெய்யலாம். எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

இன்னொன்று, மிக முக்கியம். உங்கள் பெட்டியின் பூச்சும் அதன்மேல் சுற்றும் தட்டும் ஒரே அரக்குதான், இந்தியக் காடுகளில் பூச்சி கட்டும் அரக்கு. அந்த ஸ்பிரிட் துணியாலேயே தட்டையும் ஒரு துடை துடைத்துவிடலாம் என்று தோன்றும். துடைத்தால் பள்ளம் கரைந்து பாட்டு போச்சு. தட்டுக்குக் கொஞ்சம் சோப்பு கலந்த தண்ணீர், நடுவில் இருக்கும் காகிதம் நனையாமல், அவ்வளவே.

குழலுக்குக் கதவு எதற்கு? மூடி எதற்கு? (கோலாலம்பூர்)

கதவுதான் வால்யூம். முழுக்கத் திறந்தால் சத்தம், சாத்தினால் மெல்ல. கொலம்பியா கம்பெனி கதவுக்குப் பதிலாக ஜன்னல் சட்டம்போல் திருப்புகிற பலகைகள் வைத்தது. மூடியை மூடினால் ஊசி தட்டில் உரசும் சீற்றம் நேராகக் காதுக்கு வராது, பாட்டு மட்டும் குழல் வழியாக வரும். மூடியைத் திறந்து வைத்துக் கேட்டுவிட்டு இரைச்சலாக இருக்கிறது என்பவர்கள் நிறைய. ஒலியை இன்னும் மெதுவாக்க வேண்டுமானால் மெல்லிய ஊசி போடுங்கள். அந்தக் காலத்தில் மூங்கில் நார் ஊசியும் முள் ஊசியும் இருந்தன, தட்டுக்கும் அவை நல்லவை.

மும்பையில் வாங்கிய பித்தளைக் குழல் கிராமபோன். பார்க்கக் கண்ணைப் பறிக்கிறது, ஒலி மட்டும் தகரம் தட்டுவதுபோல் இருக்கிறது. என்ன செய்யலாம்? (சென்னை)

அலமாரியின்மேல் வைத்து அழகு பார்க்கலாம்.

கோபிக்க வேண்டாம். புதுப் பித்தளைக் குழல், புத்தம் புது நாய் முத்திரை, எட்டுப் பட்டைப் பெட்டி, அதற்குள் எந்தக் காலத்து போர்ட்டபிள் பெட்டியிலிருந்தோ பிடுங்கிய மோட்டார், இப்படிச் சேர்த்துக் கட்டியவை சந்தையில் ஏராளம், உலகம் முழுக்கப் போயிருக்கின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்குக் கொஞ்சம் கெட்ட பெயரே வைத்திருக்கிறார்கள். குழலும் கையும் சேரும் முழங்கை வளைவைப் பாருங்கள், முரட்டுத்தனமாகப் பற்றவைத்து இடைவெளியோடு இருக்கும், காற்று அங்கேயே போய்விடும். சவுண்ட் பாக்ஸ் ரப்பரை மாற்றி அந்த இடைவெளியை அடைத்தால் கொஞ்சம் தேறும். அதற்குமேல் பணம் போடாதீர்கள்.

சாவி கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் பாடகர் சுருதி இறங்கிய மாதிரி இருக்கிறது. நடுநடுவே ‘தொம்’ என்று உள்ளே ஏதோ இடிக்கிறது. (கோவை)

தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, தட்டைப் பாடவிட்டபடி 20 நொடிக்கு 26 சுற்று வருகிறதா என்று எண்ணுங்கள், அதுதான் நிமிஷத்துக்கு 78. வேகத்தைப் பார்க்கும் கோடு போட்ட அட்டை வாங்குவதானால் நம் ஊருக்கு 77 கோடு உள்ளது வேண்டும், மின்விளக்கின் கீழ் சுற்றும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி. அமெரிக்க அட்டையில் 92 கோடு இருக்கும், அவர்கள் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. எல்இடி விளக்கில் சரியாகத் தெரியாமல் போகலாம், பழைய குண்டு பல்பு அல்லது டியூப் லைட்டின் கீழே பாருங்கள். 1900களின் தொடக்கத் தட்டுகள் எல்லாமே சரியாக 78இல் பதிந்தவை அல்ல, அவற்றுக்குக் காதுதான் நீதிபதி.

‘தொம்’ என்பது ஸ்பிரிங் பீப்பாய்க்குள் கிரீஸ் இறுகியது. சுருள்கள் ஒட்டிக்கொண்டு திடீரென்று விடுபடும் சத்தம் அது. அந்தப் பீப்பாயை நீங்களாகத் திறக்க வேண்டாம், உள்ளே அடைபட்ட ஸ்பிரிங் விரலை வெட்டும். தெரிந்தவரிடம் கொடுத்துப் பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதியது போடச் சொல்லுங்கள்.

1960களின் சினிமாப் பாட்டுத் தட்டுகள் இருக்கின்றன, 78தான். அப்பாவின் பழைய பெட்டியில் போடலாமா? (மதுரை)

மற்ற நாடுகள் நிறுத்திய பிறகும் இந்தியாவில் 78 தட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன, பீட்டில்ஸ் பாட்டுகூட இங்கே 78இல் வந்தது. ஆனால் அந்தக் காலத் தட்டுகள் லேசான பிக்கப் (ஊசித் தலை) உள்ள மின்சார பிளேயரை மனதில் வைத்துப் பதிந்தவை. உங்கள் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் கனத்தோடு பள்ளத்தில் உட்காரும், ஒலியும் அலறும், தட்டும் சீக்கிரம் சாம்பல் நிறமாகிவிடும். 1930கள், 40களின் தட்டுகளைப் போடுங்கள். வினைல் எல்பியை ஒருமுறைகூட வைக்காதீர்கள்.

உள்ளே எதுவும் இல்லாத விக்ட்ரோலா பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. புளூடூத் ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளலாமா? (டொராண்டோ)

உள்ளே ஒன்றுமில்லை என்றால் தாராளமாக. அமெரிக்காவில் எத்தனையோ பெட்டிகளை வயிற்றைக் காலி செய்து மதுபான அலமாரியாக்கியிருக்கிறார்கள், ஸ்பீக்கர் அதைவிடக் கண்ணியமானது. ஆனால் மோட்டாரும் குழலும் இருக்கிற பெட்டியை இதற்காகக் காலி செய்யாதீர்கள். வயர் போக வேண்டுமா, பக்கப் பலகையில் சாவி போடுகிற துளை ஏற்கெனவே இருக்கிறது, அது வழியாக விடுங்கள், மரத்தில் புதுத் துளை போட வேண்டாம்.