முறை யாருடையது?

வணக்கம் ஐயா,

நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இடது கை, கால் வராது. ஆளுக்கு நாலு மாதம் என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். தை பிறந்தால் என் முறை. என் மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. போன இரண்டு முறையும் சம்பளமில்லாமல் லீவு போட்டு அம்மாவைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். இந்தத் தடவை முடியாது, வேலை போய்விடும் என்கிறாள். எனக்கோ சம்பா அறுவடை நேரம். அதோடு பெண்கள் செய்ய வேண்டியதை நான் எப்படிச் செய்வது? சம்பளக் கணக்குப் பார்த்தால் குடும்பம் நடக்குமா? நீங்கள் நாலு வார்த்தை எழுதினால் அவள் கேட்பாள்.

பெயர் வேண்டாம்,
திருத்துறைப்பூண்டி பக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

அம்மா மேல் பாசம் இல்லாதவர் எழுதும் கடிதம் இல்லை இது. அதனால் நேராகவே சொல்கிறேன். நீங்கள் கேட்ட நாலு வார்த்தையை உங்களுக்கே எழுதுகிறேன்.

‘தை பிறந்தால் என் முறை’ என்கிறீர்கள். முறை என்றால் என்ன என்று, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆற்றில் தண்ணீர் குறைந்து முறைப்பாசனம் வந்துவிட்டால், நம் முறை அன்று ராத்திரி ஒரு மணியானாலும் மண்வெட்டியோடு மடையில் போய் நிற்கிறோம். அம்மா விஷயத்தில் மட்டும் முறை மகன் பேரில் இருக்கிறது, வேலை மருமகள் கையில் இருக்கிறது. உங்கள் அண்ணன், தம்பி வீடுகளிலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். அண்ணன் தம்பி மூவரும் பங்கு போட்டதாக ஊர் சொல்லும். பங்கு போட்டது மூன்று மருமகள்கள்.

பெற்றோரைப் பராமரிக்க 2007இல் வந்த சட்டம், பிள்ளைகள் என்று மகனைச் சொல்கிறது, மகளைச் சொல்கிறது, பேரன் பேத்தியைக்கூடச் சொல்கிறது. மருமகள் அதில் இல்லை. உங்கள் மனைவி இதுவரை செய்தது அத்தனையும் அவர் மனசாகச் செய்தது.

கணக்குப் பார்த்தால் குடும்பம் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்காமலே விட்டதில் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். இரண்டு முறையில் எட்டு மாதச் சம்பளம் போயிருக்கிறது. அதில் அண்ணன் எவ்வளவு கொடுத்தார், தம்பி எவ்வளவு கொடுத்தார்? அந்த நஷ்டம் முழுக்க ஒரே ஆள் தலையில். 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், தங்கள் வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிற பெண்களுக்கு அதில் ஒரு நாளைக்கு 289 நிமிடம் போகிறது. ஆண்களில் செய்கிறவர்களை மட்டும் எடுத்தாலே 88 நிமிடம்தான். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்டார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பிய நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு படித்துக் காட்ட வேண்டிய தீர்ப்பு அது.

சரி, ‘பெண்கள் செய்ய வேண்டியது’ என்ற இடத்துக்கு வருகிறேன். உங்கள் தயக்கம் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

என் அம்மாவை நான் ஏழு மாதம் பார்த்துக்கொண்டேன். அந்த வருடம் என் மனைவிக்கு முதுகில் ஆபரேஷன், குனியக் கூடாது. அவள் நன்றாக இருந்திருந்தால் நானும் ‘என் முறை’ என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பியிருப்பேன். முதல் நாள் துணி மாற்றும்போது அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கை நடுங்கியது. பழைய நூல் புடவையை மேலே போர்த்தி, அதற்கு அடியிலேயே கையை விட்டுத் துடைக்க வேண்டும் என்று மனைவி நாற்காலியில் இருந்தபடி சொல்லிக்கொடுத்தாள். விரிப்பு மாற்ற ஆளைத் தூக்க வேண்டியதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பழையதை முதுகுவரை சுருட்டி, புதியதை அதன் பக்கத்தில் பாதி விரித்து, மறுபக்கம் திருப்பினால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பெலும்புக்கு மேல் தோல் சிவக்கும், அப்புறம் புண்தான். நாலாம் நாள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. “வெந்நீர் இன்னும் கொஞ்சம் சூடா இருக்கலாம்டா” என்றாள்.

அறுவடை நேரம் என்பது எனக்கும் தெரியும். அறுப்பை மெஷின் முடித்துவிடும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போய்விடக் கூடாதே என்று பனியில் படுதாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு கிடப்பதுதான் பெரும்பாடு. ராத்திரியில் அத்தனை தடவை எழுந்திருக்கத் தெரிந்தவருக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பது வராத வேலை இல்லை. நெல் காவலுக்கு அந்தப் பத்து நாள் அண்ணனையோ தம்பியையோ கூப்பிடுங்கள். பகலுக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அநேகமாக அதுவும் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார். நடவுக்கு வருகிறவருக்குப் பேரம் பேசுவதுபோல் அவரிடம் பேசாதீர்கள். கூலியை மூன்று பேரும் நெல் பணத்திலிருந்து கொடுங்கள், டீச்சரின் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள்.

இன்னொன்று. தை வரை காத்திருக்காதீர்கள். அம்மா இப்போது எந்த வீட்டில் இருக்கிறாரோ, அங்கே மார்கழியிலேயே இரண்டு நாள் போய்த் தங்குங்கள். அந்த வீட்டு மருமகளிடம் கேளுங்கள்: அம்மாவுக்குக் கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருந்தால் புரை ஏறாது, எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு. ஒரு நோட்டில் உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் மனைவியிடம் காட்டுங்கள், விட்டுப்போனதை அவர் சொல்வார்.